டோரினின் சிவந்த கழுத்து

1

இக்கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது முறையென்று கருதுகிறேன். எங்கள் சமையலறையின் காற்றுக்குழாய் வழியாகக் கிடைத்தது.

குன்றைக் குடைந்த வீட்டில் வசிப்பவர்களுக்கு ஜன்னல் இல்லை. கூரையிலிருந்து மேல்தரைக்குப் போகும் குழாய் ஒன்றுதான். எங்கள் குழாயின் மேல்வாய் பக்கத்து வீட்டு லியோனியின் தகரக் கொட்டகைக்கு அருகில் முடிகிறது. ஒருநாள் பிற்பகல், தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, அதன் வழியே ஒரு சேவல் கூவிற்று. இளஞ்சேவல், குரல் இன்னும் முற்றவில்லை, கடைசி அசையில் வழுக்கி விழுந்தது.

லியோனியிடம் சேவல் இல்லை. இருக்கவும் முடியாது. ஆஸ்திரேலியப் பாலைவனத்து எங்கள் கூபர் பீடியில் சேவல் சத்தத்தை வெறுக்கும் ஒருவரைக் காட்டு என்றால் ஊரே அவரைத்தான் காட்டும். அவரிடம் இருந்தது டோரின் என்னும், இன்னும் முட்டையிடாத ஒரு விடைக்கோழி மட்டும். அதை அவருக்கு விற்றவர் குன்றின் மறுபக்கத்துக் கோழிக்காரி ஸ்லாவ்கா. ஸ்லாவ்கா விற்றால் பெட்டை பெட்டைதான்.

அன்றே நான் ஸ்லாவ்காவிடம் போய் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாக்கியம் எனக்கு வாயில் வரவில்லை. எழுதினாலாவது வருமா என்று பார்க்கிறேன். கதை எழுதிப் பழக்கமில்லை. இது முதல் முயற்சி. வேதியியல் ஆசிரியைக்கு இது எதற்கு என்று நீங்கள் எண்ணினால் அதில் தவறில்லை.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"அந்த ஆண்டின் மிகக் கொடிய வெயில் நாளில், பாலைவனத்துக்காகவே பிறந்த ஒரு சேவல்—"

[இதை விட்டுவிட்டேன். இறப்பை முதல் வரியிலேயே வைத்தால் வாசகரை மிரட்டுவதுபோல் இருக்கிறது. நான் யாரையும் மிரட்டியதில்லை.]

"கோழி வளர்ப்பு என்பது வறண்ட நிலப்பகுதிகளில் பல்வேறு சவால்களை—"

[இது பள்ளி ஆண்டுமலர்.]

"கழுத்தில் இறகே இல்லாத கோழியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

இதை வைத்துக்கொள்கிறேன். பார்த்திராவிட்டால், பாதி உரித்துவிட்டு மனம் மாறித் திருப்பி அனுப்பப்பட்ட கோழி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மார்புக்கு மேலே வெறும் தோல். உச்சந்தலையில் மட்டும் ஒரு குல்லாய் இறகு. அழகென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த மொட்டைக் கழுத்து வழியாகத்தான் உடம்பின் சூடு வெளியேறுகிறது. குளிர்ந்த தெற்கிலிருந்து வாங்கி வந்த சாதிக்கோழிகள் இங்கே டிசம்பர் கோடையைத் தாண்டுவது அரிது. மொட்டைக் கழுத்து தாண்டும்.

ஸ்லாவ்கா எட்டு ஆண்டுகளாக அதைத்தான் செய்துவந்தார். யாரோ விட்டுச்சென்ற ஒரு மொட்டைக்கழுத்துப் பெட்டையைக் கறுப்பு ஆஸ்திரலார்ப் சாதிச் சேவலோடு சேர்த்தார். அதன் குஞ்சுகளை மெலிந்த வெள்ளை லெகார்னோடு சேர்த்தார். கோடையில் பிழைத்ததை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தார். கடைசியில் வந்த சேவல்தான் பிஷப். முழுக்க மொட்டைக் கழுத்து, செக்கச்செவேல். மார்பில் கரியும் சாம்பலும் கலந்த அங்கி. பெயர் தானாக வந்துவிட்டது.

3

இனி ஸ்லாவ்காவை அறிமுகப்படுத்த வேண்டும். இதற்கு எனக்குச் சந்தை வேண்டியிருக்கிறது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, திறந்தவெளித் திரையரங்கின் மைதானத்தில் கோழிச் சந்தை கூடும். கோடையில் கிடையாது, பெட்டிக்குள்ளேயே கோழி வெந்துவிடும். விற்பவர்கள் மடக்குமேசை போட்டுக்கொள்வார்கள். சாதி எதுவென்று கேட்பவர் இல்லை, எல்லாம் கலப்பு. ஒரே ஒரு சட்டம் உண்டு. பெட்டையென்று விற்ற பறவை கூவினால், விற்றவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முட்டையிடும் கோழி ஒன்றைத் தர வேண்டும். திரும்பி வந்த சேவலை அன்று முழுவதும் தன் மேசைமேல் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். போகிறவர் வருகிறவர் எல்லாம் அந்த மேசைக்கு முன்னால் நின்று ஒருமுறை கூவிவிட்டுப் போவார்கள்.

சென்ற செப்டம்பரில் அந்த மேசை டெஸ்ஸினுடையது. டெஸ் முன்பு ஓபல் மணிக்கல் தோண்டியவர். கோழியைவிடக் கோழிப்பேச்சில் நாட்டம் அதிகம்.

"என்ன டெஸ், உன் பொண்ணுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார் ஸ்லாவ்கா. "காலையிலேருந்து ஒரு மாதிரி பாடுதே."

"போ ஸ்லாவ்கா. உனக்கும் ஒரு நாள் வரும்."

"எனக்கா? பதினோரு வருஷமா வரல. உனக்குக் கல்லைப் பாத்தாலும் தெரியாது, கோழியைப் பாத்தாலும் தெரியாது. எதைப் பாத்துடா கல்யாணம் பண்ணே?"

"அதையும் அவ திருப்பிக் கொடுத்துட்டா, தெரியாதா உனக்கு?"

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஸ்லாவ்கா என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார்.*

* இவர்கள் பேசியது ஆங்கிலம். ஸ்லாவ்காவுடையது செர்பிய வாடை அடிக்கும் ஆங்கிலம். பதினான்கு ஆண்டுகள் இங்கே இருந்ததில் அவர்கள் குரல் எனக்குத் தமிழாகவே காதில் விழத் தொடங்கிவிட்டது. திருத்த முயன்றேன், முடியவில்லை.

ஸ்லாவ்கா ஆண் பெண் பார்க்கும் முறை எளிது. மொட்டைக்கழுத்துச் சாதியில் இளஞ்சேவலின் கழுத்துத் தோல் சீக்கிரம் சிவக்கும். பெட்டையின் தோல் வெளுத்தே இருக்கும். கொண்டை ஏமாற்றும், கழுத்து ஏமாற்றாது என்பார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளும்படிக் கேட்டுக்கொள்கிறேன். இதில்தான் தவறு நேர்ந்தது.

4

லியோனியை நான் முதலில் கெட்டவராக எழுதினேன்.

"தன் தூக்கத்துக்காக ஓர் உயிரை இருட்டில் தள்ளத் தயங்காத—"

[வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன், ஆனால் அடித்தது தெரியும்படி விட்டிருக்கிறேன்.]

நடந்தது இவ்வளவுதான். லியோனி மருத்துவமனையில் இரவுப்பணிச் செவிலி. காலையில் வந்து படுப்பார். பிஷப்பின் கூண்டு குன்றின் உச்சியில் இருந்தது. அவன் குரல் இரண்டு பக்கமும் இறங்கும். ஒரு நாள் அவர் ஸ்லாவ்காவின் வாசலுக்குப் போனார்.

"ராத்திரி முழுக்க நின்னுட்டு வர்றேன். நான் கண்ணை மூடினதும் உன் பிஷப் பூசையை ஆரம்பிச்சிடறான்."

"பிஷப் பின்ன என்ன செய்வான்?"

"விளையாடல ஸ்லாவ்கா. நேத்து ஒருத்தருக்கு மருந்தை ரெண்டு தடவை கொடுக்கப் போயிட்டேன். கடைசி நிமிஷத்துல பாத்தேன்."

ஸ்லாவ்கா அதற்குமேல் வேடிக்கை பேசவில்லை. அன்றே பிஷப்பைத் தன் பழைய சுரங்கக்குடைவுக்குள் இறக்கினார். இருட்டில் சேவல் கூவாது. இங்கே எல்லோரும் செய்வதுதான். பெட்டைகள் பகலில் மேலே, பிஷப் மட்டும் கீழே. குளிரும் இல்லாத, வெயிலும் இல்லாத, எப்போதும் ஒரே மாதிரியான கீழே. இரண்டு கோடைகள் அப்படிப் போயின. குஞ்சுகளும் கழுகுக்குப் பயந்து கீழேதான் வளர்ந்தன.

கழுத்து சிவப்பது ஆணாய்ப் பிறந்ததால் மட்டுமன்று. வெயிலும் பட வேண்டும்.

அக்டோபர் சந்தைக்கு லியோனி வந்தார். தமக்காக ஒருவர் தன் சேவலைக் குழியில் போட்டிருக்கும்போது ஒரு கோழியாவது வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிஷப்பின் குஞ்சுகளில் கழுத்து வெளுத்த ஒன்றை ஸ்லாவ்கா எடுத்துப் பெட்டியில் வைத்துத் துணி போட்டு மூடிக் கொடுத்தார்.

"பேர் வச்சுடாதே. பேர் வச்சா அறுக்க மனசு வராது."

"டோரின்," என்றார் லியோனி.

5

[இப்பகுதியை மூன்று முறை எழுதினேன். எதுவும் சரியாக வரவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.]

ஜனவரியில் ஸ்லாவ்கா குடும்பத்தின் புனிதர் திருநாள். அழைப்பு என்று தனியாக இல்லை. தெரிந்தவர்கள் போக வேண்டும், உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும். ஆண்டுதோறும் அந்த ஆண்டுக் குஞ்சுகளில், மேலே ஏற்றியபின் கழுத்து சிவந்த சேவல்கள் அன்று சூப்பாகும். பிஷப் இருக்கும்போது அவன் மகன்கள் எதற்கு? நான் இரண்டு கிண்ணம் குடித்தேன். மிக நன்றாக இருந்தது. லியோனியும் வந்திருந்தார், ரொட்டி மட்டும் தின்றார். வேலைக்களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஸ்லாவ்கா குடைவுக்குள் கோழிப்பேன் கண்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்காகப் பிஷப்பை ஒரு பகல் மட்டும் மேலே கொண்டுவந்து பெட்டைகளோடு விட்டார். நிழல் இருந்தது, ஈரச்சாக்கு இருந்தது, பனிக்கட்டி போட்ட தண்ணீர் இருந்தது. வெயில் நாற்பத்தெட்டைத் தொட்டது. பெட்டைகள் இறக்கையை விரித்து வாய்பிளந்து நின்றன, நின்றபடியே சமாளித்தன. சூப்புப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நான் போனபோது ஸ்லாவ்கா தண்ணீர்த்தொட்டிக்குள் பிஷப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடையோடு.

"வெயிலுக்குன்னே பொறந்தவன், கண்ணு," என்றார்.

நான் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"எட்டு வருஷம் வெயிலுக்குன்னு பாத்துப் பாத்து உண்டாக்கினேன். வெயிலத்தான் காட்டல."

அவ்வளவுதான் அவர் சொன்னது. பிஷப்பின் தலை அவர் முழங்கைமேல் தொங்கியது.

சேவல் போனாலும் சில நாள் பெட்டைகளின் முட்டையில் கரு தங்கும் என்று கோழி தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். உண்மை. ஆனால் அந்த வெப்பத்தில் ஒரு பெட்டைகூட முட்டையிடவில்லை. மகன்களை நாங்கள் குடித்துவிட்டிருந்தோம்.

6

குழாய் வழியாகக் கூவல் கேட்டது இதற்குப் பிறகு.

நான் ஒரு தட்டு கேசரி எடுத்துக்கொண்டு லியோனி வீட்டுக்குப் போனேன். கேசரிக்குக் காரணம் எதுவும் இல்லை. காரணமில்லாமல் போக எனக்குக் கூச்சம், அதனால் எடுத்துப்போனேன். பேச்சு வெயிலைப் பற்றிப் போனது. தண்ணீர் வண்டியைப் பற்றிப் போனது. அப்போது பின்பக்கத்துக் கொட்டகையிலிருந்து அந்தக் குரல்.

"பைப்பு," என்றார் லியோனி. "தண்ணி ஏறும்போது அப்படித்தான் சத்தம் போடும்."

"ஆமாம், எங்க வீட்டிலயும் போடும்."

மறுபடி கூவிற்று. இம்முறை நீளமாக.

லியோனி கேசரியைக் கரண்டியால் இரண்டாகப் பிளந்தார். "அந்தப் பைப்புக்குக் கொண்டை முளைச்சிருக்குன்னு உனக்குத் தெரியும்ல, டீச்சர்?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளா. மன்னிக்கணும்."

"நீ எதுக்கு மன்னிப்பு கேக்கறே? கூவினது நீயா?"

கொட்டகைக்கு அழைத்துப் போனார். டோரின் ஒரு தகரடப்பாமேல் நின்று எங்களைப் பார்த்தது. கழுத்து மிளகாய்ப்பழம்போல் சிவந்திருந்தது. நான்கு மாதம் அந்தக் கொட்டகையில், அந்த வெயிலில், பிஷப் இறந்த அதே நாளிலும் அது மேலேதான் இருந்திருக்கிறது.

"கிறிஸ்துமஸ் சமயத்துல ஆரம்பிச்சது," என்றார் லியோனி. "சட்டப்படி அப்பவே திருப்பிக் கொடுத்திருக்கணும். கொடுத்தா சூப்பு. நான் பாட்டுக்கு இருந்துட்டேன். பிஷப் போன அன்னிக்கு, இப்பவே ஸ்லாவ்காகிட்ட தூக்கிட்டு ஓடிடலாம்னு பெட்டிகூட எடுத்துட்டேன். அப்புறம் உக்காந்துட்டேன். அவ முகத்தைப் பாத்து என்ன சொல்றது? என் தூக்கத்துக்காக உன் சேவலக் குழியில வச்சே, அது செத்துது. நானோ அதோட மகனையே மறைச்சு வச்சிருக்கேன்னா?"

"இப்ப தூக்கம்?"

"அதான் டீச்சர் கூத்து. இது கூவினா எனக்குத் தூக்கம் வருது."

டோரின் கழுத்தை நீட்டி ஒரு ஈயைக் கொத்திற்று.

"அவகிட்ட கொடுக்க மாட்டேன்னு இல்ல," என்றார் லியோனி. "மறுபடியும் கீழ இறக்கிடுவாளோன்னு பயம். எனக்காகவே இறக்கிடுவா. அவ அப்படிப்பட்டவ."

7

ஆகவே நான் ஸ்லாவ்காவிடம் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவர் தண்ணீர்க் கலங்களைக் கவிழ்த்து மணலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பத்தி ஏதோ எழுதறியாமே? டெஸ் சொன்னான்."

"கோழிங்களைப் பத்திதான்…"

"அப்ப நான் இல்லையா அதுல?"

"இருக்கீங்க."

"ஒல்லியாவா, குண்டாவா?"

"அதை எழுதல."

"எழுதாதே. ஒண்ணே ஒண்ணு எழுது. ஸ்லாவ்கா வித்த கோழி ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. எழுதுவியா?"

"எழுதறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

[இந்த இடத்தில் நான் செய்ததைக் கவனியுங்கள். சொல்ல வந்த வாக்கியத்தைச் சொல்லாததோடு, இனி எழுதவும் முடியாதபடி வாக்குக் கொடுத்துவிட்டேன்.]

"ஏன் கேக்கறேன்னா, கடையைக் கட்டறேன்," என்றார். "வர்ற சனிக்கிழமை, கோடைக்கப்புறம் முதல் சந்தைக்கு, தெற்கேருந்து ஒருத்தன் வண்டியோட வர்றான். பெட்டைங்க மொத்தத்தையும் ஏத்தி விட்டுடுவேன்."

"வேற சேவல் வாங்கலாமே."

"வாங்கலாம். குஞ்சுக்குக் கழுத்துல பாதி இறகு மூடிக்கும். அதுல நல்லதா எடுத்து, திருப்பிச் சேத்து, வெயில்ல செத்தது போக மிச்சத்தை மறுபடி சேத்து… எனக்கு அறுபத்தாறு. இன்னும் எத்தனை கோடை இருக்குன்னு நினைக்கறே?"

அவர் ஒரு கலத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பார்வையைத் திருப்பாமலே கேட்டார்:

"லியோனி ஒண்ணு வாங்கிட்டுப் போனாளே. முட்டை வச்சுதா?"

"தெரியலையே."

"கழுத்து எப்படி இருக்கு?"

"கழுத்தா?"

"வெளுப்பா, சிவப்பா?"

"நான்… சரியாப் பாக்கல."

முப்பது ஆண்டுகள் சுரங்கத்தில் வெடிவைத்த காது அவருடையது. குன்றைத் தாண்டி ஓர் இளஞ்சேவலின் குரல் அதில் விழுந்திருக்குமா? விழுந்திருந்தால், தவற்றை ஒப்புக்கொள்ள மனமின்றிக் கேளாதவர்போல் இருக்கிறாரா, அல்லது இன்னொருவரிடம் போய் "உன் பறவையைக் கொடு" என்று கேட்பது முறையன்று என்று இருக்கிறாரா? எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம். எனக்குத் தெரியவில்லை.

"பாத்தா சொல்லு," என்றார் அவர், மணலை அள்ளியபடி.

8

முடிவுகள்.

முதலாவது: லியோனி சந்தையில் டோரினைத் திருப்பிக் கொடுக்கிறார். டெஸ் உட்பட ஊரே ஸ்லாவ்காவின் மேசைமுன் வரிசையில் நின்று கூவுகிறது. ஸ்லாவ்கா சிரிக்கிறார், அழுகிறார். [ஒரே நேரத்தில் சிரித்து அழுகிற யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. விட்டுவிட்டேன்.]

இரண்டாவது: வண்டி போய்விடுகிறது. பெட்டைகள் தெற்கே யாரோ ஒருவரின் புல்தரையில், வெயிலே இல்லாத இடத்தில், காரணம் தெரியாத மொட்டைக் கழுத்தோடு திரிகின்றன. டோரின் இங்கே தனியாகக் கூவுகிறது. நான் தேர்வுத்தாள் திருத்துகிறேன். [இதுதான் மிக எளிதாக நடக்கக்கூடியது. யாரும் எதுவும் செய்யாவிட்டால் போதும். நான் எதுவும் செய்யாமல் இருப்பதில் தேர்ந்தவள்.]

மூன்றாவது: நான் லியோனி வீட்டுக் கதவைத் தட்டி—

உண்மையில் தட்டியது அவர். சனிக்கிழமை காலை, பணி முடிந்து சீருடையோடு, கையில் ஓர் அட்டைப்பெட்டி. மேலே குளியல்துண்டு கட்டியிருந்தது.

"வண்டியை எடு, டீச்சர். நான் ஓட்டினா தூங்கிடுவேன்."

பெட்டி வழிநெடுக மௌனமாக இருந்தது. இருட்டில் சேவல் கூவாது.

9

சந்தை மைதானத்தில் தெற்கத்திக்காரரின் வண்டி பின்கதவு திறந்து நின்றது. கூண்டுகளில் பாதி ஏற்றியாகிவிட்டது. மீதிப் பெட்டைகள் ஸ்லாவ்காவின் மேசையருகே, ஏறுவெயிலில், சிவப்பில்லாத கழுத்துகளை நீட்டி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

லியோனி பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"என்ன அது?" என்றார் ஸ்லாவ்கா.

லியோனி பெட்டியை ஸ்லாவ்கா பக்கம் சற்று நகர்த்தினார். "மேலயே வச்சுக்கணும்," என்றார் கடைசியில். "என்னைப் பத்திக் கவலைப்படக் கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டாதான்."

"எதுக்கு ஒத்துக்கணும்? பெட்டியில என்ன?"

"டீச்சர் சொல்லுவா."

ஸ்லாவ்கா என்னைப் பார்த்தார். டெஸ் தன் மேசையிலிருந்து எழுந்து வந்து நின்றார். அவர் முகத்தில் பதினோரு ஆண்டுக் காத்திருப்பு இருந்தது. தெற்கத்திக்காரர் கையில் அடுத்த கூண்டோடு, ஏற்றுவதா இறக்குவதா என்று கேட்கும் பாவனையில் நின்றார்.

நான் "ஸ்லாவ்கா, உங்க—" என்று தொடங்கினேன்.

[இந்த வாக்கியம் இதற்குமேல் வளராது. வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஸ்லாவ்கா விற்ற கோழி ஒன்றும் திரும்பி வந்ததில்லை என்று எழுதுவதாகச் சத்தியம் செய்தேன்; எழுதிவிட்டேன்; அதை மாற்றி எழுத எனக்கு உரிமையில்லை.]

ஆனால் நீங்கள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

இவ்வளவு தூரம் பொறுமையோடு வந்த உங்களிடம் ஓர் உதவி கேட்பது முறையோ என்று தயங்குகிறேன். கேட்டுவிடுகிறேன். அவர்கள் எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள். நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆனால் கூண்டு பிடித்திருப்பவருக்குக் கை வலிக்கும். பெட்டி மேசையின் நடுவில் இருக்கிறது. துண்டின் முடிச்சு தளர்வானது; லியோனி தூக்கக் கலக்கத்தில் கட்டியது. உங்களுக்கு ஒரு கை ஓய்வாக இருந்தால், தயவுசெய்து அந்தத் துண்டை ஓர் ஓரமாகச் சற்றே விலக்குங்கள்.

நீங்கள் ஒன்றும் பேச வேண்டியதில்லை. கொஞ்சம் வெயில் உள்ளே போனால் போதும். மற்றதை டோரினே சொல்லிக்கொள்ளும்.